குளுக்கோஸிலிருந்து ஆற்றல்: உயிர்வளியின் இடம் எது?

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவில் அரிசி அரிதானபோது மரவள்ளிக்கிழங்கே பலரின் பசியாற்றியது. தோலுரித்து, நன்கு வேகவைத்த பின்னரே அதனை உண்ணவேண்டும் என்பது மூத்தோர் அறிவுரை. சரிவரச் சமைக்காத கிழங்கிலிருந்து சயனைடு நஞ்சு உடலிற் சேரக்கூடும். அந்நஞ்சு மிகுதியாகத் தாக்கியவரின் குருதியில் உயிர்வளி நிறைந்தே இருக்கும். ஆயினும் அவருடைய உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமல் மடியும். இது எவ்வாறு நிகழ்கிறது?

விடை காணக் குளுக்கோஸின் வழியே செல்வோம். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட அம்மூலக்கூறு, முதலில் சைட்டோபிளாசத்தில் இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இதற்கு உயிர்வளி வேண்டியதில்லை. நிகர வரவு இரண்டே ஏ.டி.பி. மூலக்கூறுகள். ஏ.டி.பி. என்பது உயிரணு உடனுக்குடன் செலவிடும் சில்லறைக் காசு எனலாம். அதே மரவள்ளியைத் தாப்பாயாகப் புளிக்கவைக்கும் ஈஸ்டு, உயிர்வளி எட்டாதபோது இச்சிறு வரவைக் கொண்டே வாழ்கிறது.

பைருவேட் அடுத்து இழைமணிக்குள் புகுகிறது. அங்கே அதன் கார்பன் முழுவதும் கரிவளியாக வெளியேறுகிறது. இதன் பெரும்பகுதி நிகழும் சிட்ரிக் அமிலச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கினார். ‘நேச்சர்’ இதழ் இடமின்மையைக் காட்டித் திருப்பியனுப்பிய அவ்வாய்வு வேறோர் இதழில் வெளிவந்தது. 1953இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது.

நாம் உள்ளிழுக்கும் உயிர்வளியே கார்பனுடன் கூடிக் கரிவளியாகிறது என மாணவர் பலர் எழுதுவர். விறகடுப்பை உவமை காட்டிய ஆசிரியர்களாகிய நமக்கும் இப்பிழையில் பங்குண்டு. கரிவளியிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் குளுக்கோஸிலிருந்தும் நீரிலிருந்தும் வருபவை.

அவ்வாறாயின், மூச்சில் வந்த உயிர்வளி செய்வதென்ன? குளுக்கோஸிலிருந்து பறிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் இழைமணியின் உட்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக இறங்குகின்றன. கடைசிப் படியில் அவற்றை ஏற்று நீராக மாறுவதே உயிர்வளியின் பணி. சயனைடு அந்தக் கடைசிப் புரதத்தை அடைத்துவிடுகிறது. முன்வண்டி நின்றால் பின்வண்டிகளும் நிற்பதுபோல, சங்கிலி முழுவதும் நின்றுபோகிறது.

எலக்ட்ரான்கள் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் சுழலியைச் சுழற்றுவதைப் போன்று, அவை திரும்பி வரும் வழியில் ஒரு நொதியைச் சுழலச் செய்கின்றன, அச்சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இக்கருத்தை முன்வைத்தபோது ஐயுற்றவர்களே மிகுதி. 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பழைய பாடநூல்கள் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று குறிக்கும். புரோட்டான்களுள் சில வீணே கசிவதாலும், வேறு பணிகளுக்குச் செலவாவதாலும், இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 30 முதல் 32 வரையே. விடைத்தாளில் 30 என்று எழுதும் மாணவரிடம் மதிப்பெண்ணைக் குறைக்குமுன், அவர் எந்த நூலைப் படித்தார் எனக் கேட்டறிவது நன்று.