ஒப்பித்தலும் மறுகூறலும்: எழுத்தறியாச் சமூகங்களில் கிறித்துவக் கதைசொல்லல்

முன்னுரை

சமயக் கருத்துகள் எழுத்தின் துணையின்றி ஒரு சமூகத்திற்குள் எவ்வாறு சென்று சேர்கின்றன என்பது நாட்டார் வழக்காற்றியலுக்கும் மொழி கற்பித்தலுக்கும் பொதுவானதொரு வினாவாகும். கிறித்துவம் விவிலியம் என்னும் நூலை நடுவாகக் கொண்ட சமயம். எனவே, படிக்கத் தெரியாத மக்களிடையே அதனைக் கொண்டுசென்றோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலவில்லை. அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒப்பித்தல், கதைசொல்லல் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய்மொழியும் நினைவும்

எழுத்தையே அறியாத சமூகத்தில் நினைவில் நிற்பது மட்டுமே அறிவாக நிலைக்கும் என்பதை வால்டர் ஓங் 1982இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். ஆதலால் அங்கு அறிவானது ஓசை, அடுக்கு, பழமொழி, செயல்புரியும் மாந்தர் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. கருத்துகளை வரையறைகளாகவும் பட்டியல்களாகவும் பிரித்து அடுக்குவது எழுத்து தந்த பழக்கமாகும். ‘கடவுள் நீதியுள்ளவர்’ என்னும் கூற்றைவிட, தம்பியைக் கொன்ற காயீனிடம் கடவுள் அவன் தம்பியைப் பற்றி வினவிய நிகழ்ச்சி அத்தகைய மக்களிடம் எளிதில் தங்கும். எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

முத்துக்குளித்துறையில் ஒப்பித்தல்

தமிழக முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி 1535ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்கு முறையான சமயக் கல்வி கிட்டவில்லை. 1542இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழியும் ஓரளவு தெரிந்தோரின் உதவியுடன் விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், மன்றாட்டுகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியேந்தி ஊர்தோறும் சிறுவரையும் பெரியவரையும் திரட்டி, தொடர் தொடராகச் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்கள் தாம் கற்றதை வீட்டாருக்குக் கற்பித்தனர். எழுத்தின்றிக் குறுகிய காலத்தில் ஒரு சமூகம் முழுவதும் பொதுவான மன்றாட்டுகளைப் பெற்றமை இம்முறையின் வெற்றியே ஆகும்.

எனினும் இதன் குறையையும் சவேரியாரின் கடிதமொன்றே காட்டுகிறது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. ‘வேணும்’ என்பது விருப்பத்தை உணர்த்துமேயன்றி நம்பிக்கையை உணர்த்தாது என்பதால், அதனை மாற்றிச் சொல்லுமாறு உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவர் 1544இல் எழுதினார். அதற்குள் அத்தொடரைப் பலர் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சொற்களைப் பிழையின்றி ஒப்பித்தவரிடம் பொருள் சென்று சேர்ந்ததா என்பதை அந்த ஒப்பித்தலால் அறிய இயலவில்லை. பின்னர்த் தமிழை முறையாகக் கற்ற என்றிக் என்றீக்கசு அடிகளார், 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூலையும் 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் புனிதர் கதைநூலையும் அச்சேற்றினார்.

தென்கிழக்காசியாவில் கதைசொல்லல்

இதையொத்த சிக்கல் இருபதாம் நூற்றாண்டில் நம் வட்டாரத்திலும் எழுந்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவைச் சார்ந்த லுவுக் பங்காயில் பணியாற்றிய ஆன்ஸ் ரூடி வேபர், எழுத்தறியா மக்கள் கதையிலும் நடிப்பிலும் தேர்ந்தவர்கள் என்பதைக் கண்டு தம் கற்பித்தல் முறையை மாற்றிக்கொண்டார். அவ்வனுபவத்தை 1957இல் நூலாக வெளியிட்டார்.

பிலிப்பைன்சின் பலவான் தீவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பலவானோ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் அங்குச் சென்ற ஆஸ்திரேலிய மறைப்பணியாளர் டிரெவர் மெக்கில்வேன், சடங்குகளைப் பின்பற்றிய பலருக்கு அவற்றின் அடிப்படை விளங்கவில்லை என்று கண்டார். ஆகவே படைப்பு, முதல் மாந்தரின் வீழ்ச்சி, வெள்ளம், ஆபிரகாம், மோசே எனத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லி, அதன் பின்னரே இயேசுவின் வரலாற்றுக்கு வந்தார். முன்கதை தெரியாதவருக்கு ‘மீட்பர்’ என்னும் சொல் வெற்றொலியாகும் என்பதே இவ்வரிசைக்கான காரணம். 1980களில் இம்முறை நூல்வடிவம் பெற்றுப் பிற நாடுகளுக்கும் பரவியது.

மறுகூறலின் பயன்

இதிலிருந்து கிளைத்த வாய்மொழி முறையில் கதைசொல்லி நூலை வாசிப்பதில்லை. கதையைத் தம் நாவால் சொல்கிறார். கேட்டோருள் ஒருவர் அதனைத் தம் சொற்களில் மறுபடி கூறுகிறார். விடுபட்டதையும் மிகைபட்டதையும் ஏனையோர் திருத்துகின்றனர். அதன் பிறகே கதையின் பொருள் பற்றிய உரையாடல் நிகழ்கிறது. கேட்டவர் எதனை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது மறுகூறலில் வெளிப்பட்டுவிடுகிறது. ‘வேணும்’ போன்றதொரு பிழை இங்கு நெடுநாள் மறைந்திருப்பது அரிது. மேலும், கதையைக் கற்றவர் அன்றே அடுத்த ஊரில் கதைசொல்லி ஆகலாம். அதற்கு அவர் எழுத்துப் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. கதை வாய்மாறும்போது திரியக்கூடும். சட்டங்கள், திருப்பாடல்கள், மடல்கள் போன்றவை எளிதில் கதையாவதில்லை. எந்தக் கதையைச் சொல்வது, எதனை விடுவது என்பதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவரே முடிவுசெய்கிறார். புதிய தொடக்கக் கதை ஒன்று நிலைபெறும்போது அம்மக்களின் சொந்தப் படைப்புக் கதைகள் பின்தள்ளப்படக்கூடும். சமய நோக்கில் பேறாகக் கருதப்படுவது, வழக்காற்றியல் நோக்கில் இழப்பாகவும் அமையலாம். வேற்றவர் கொணர்ந்த கதையை ஒரு சமூகம் ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெற்றிருக்க வேண்டுமாயின், தன் கதைகளையும் அதே அவையில் சொல்ல அதற்கு இடமளிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

ஒப்பித்தல் ஒரு சமூகத்திற்குப் பொதுச்சொற்களை விரைவாகத் தருகிறது. அச்சொற்கள் பொருளோடு சேர்ந்தனவா என்பதை மறுகூறலே புலப்படுத்துகிறது. தமிழ்மொழி வகுப்பில் செய்யுளை மனனம் செய்விக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வேறுபாடு பயன்படும். மனனத்தைக் கைவிட வேண்டுமென்பதன்று. மனனம் செய்த செய்யுளின் கருத்தை மாணவர் தம் சொற்களில் கூறக் கேட்ட பின்னரே கற்பித்தல் நிறைவுறும்.