சான்றிதழும் உடலும்: ஆடைகளின் இரசாயனப் பாதுகாப்புப் பற்றிய ஒரு குறிப்பு

சர்வதேசச் சந்தையில் விற்பனையாகும் ஆடைகளுக்கு வழங்கப்படும் இரசாயனப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் வெறும் தொழினுட்ப விடயமாகவே பொதுவாக நோக்கப்படுகின்றன. ஆயின், அவை யாருடைய உடலைக் காக்கின்றன என்னும் வினா உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவேயாகும்.

இவற்றுள் நன்கு அறியப்பட்டது, ஒஸ்திரிய, ஜேர்மானிய ஆய்வு நிறுவனங்கள் இரண்டு 1992இல் உருவாக்கிய ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டட் 100’ ஆகும். துணி மட்டுமன்றித் தையல் நூல், பொத்தான் ஆகியனவும் இதன்கீழ் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படுகின்றன. பொருள் தோலோடு எவ்வளவு நெருங்கிப் படிகிறதோ அவ்வளவுக்கு விதிகள் இறுகும். மூன்று வயது வரையான குழந்தைகளின் ஆடைகளுக்கே அவை மிகக் கடுமையானவை. சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

இத்தகைய சோதனைகளில் அசோச் சாயங்கள் முக்கிய இடம் பெறுகின்றன. அவற்றுட் சில, சிதைவுறும்போது புற்றுநோய் விளைக்கும் அமீன்களை வெளியிடுகின்றன. எனவே, தோலிற்படும் பொருள்களில் அவற்றைத் தடுக்கும் விதியை ஜேர்மனி 1994இல் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அதனைப் பின்பற்றி, கிலோகிராமுக்கு 30 மில்லிகிராம் என எல்லை வகுத்தது.

இவ்வறிவு எங்கிருந்து பிறந்தது? சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பையில் உண்டான கட்டிகளைப் பிராங்போட் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் லூட்விக் றேன் 1895இலேயே எடுத்துரைத்தார். முதற் சான்று உழைப்பவனின் உடலே. இன்றைய சான்றிதழ் அளப்பதோ அணிபவனின் தோலுக்கான ஆபத்தை.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்குத் துருக்கி தக்க உதாரணம். ஜீன்ஸ் துணிக்குப் பழமைத் தோற்றமளிக்க மணலை வேகமாகப் பீச்சியடித்த தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் நோயால் மடிந்தனர். 2009இல் அம்முறை அங்கு தடைசெய்யப்பட்டது. கொன்ற தூசு தங்கியது நுரையீரலில். துணியில் எஞ்சும் நச்சை அளக்கும் சோதனை அம்மரணங்களைக் காணமாட்டாது.

பண்டம் தன்னை ஆக்கிய சமூக உறவுகளை மறைக்கிறது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில் (1867) விளக்கினார். ‘நச்சற்றது’ என்னும் முத்திரை அம்மறைப்புக்குத் துணைபோகலாம். உற்பத்தியிடங்களுக்கென வேறு சான்றிதழை அதே அமைப்பு வழங்குகிறது என்பதும் உண்மை. எனினும் அது தனியானது, விரும்பிப் பெறப்படுவது.

ஆகவே சான்றிதழை நிராகரிப்பது நமது நிலைப்பாடாகாது. குழந்தையின் தோலைக் காப்பது ஒரு பேறே. ஆடை ஏற்றுமதியிற் பெரிதும் தங்கியுள்ள இலங்கையில், அதே கண்டிப்பைச் சாயத்தொட்டியருகே நிற்பவருக்கும் கோருவதே முற்போக்காளர் கடமையாகும். அக்கோரிக்கையை நிறைவேற்ற வல்லவை ஆய்வுகூடங்களல்ல, தொழிற்சங்கமும் சட்டமுமேயாம்.