பிறந்து 9 நாள்... முதல் போட்டோஷூட்! நியூபார்ன் போட்டோகிராஃபி: அழகான படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

திருச்சியில் அக்கா வீடு. ஏப்ரல் மாதக் காலை, மணி பதினொன்றரை. வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹாலில் ஏசி ஆஃப், ஃபேன் ஆஃப். ஏழு பேர் வியர்த்து வழிந்தபடி ஒரு குட்டி மெத்தையைச் சுற்றி நிற்கிறோம். மெத்தையில் படுத்திருப்பவருக்கு வயது 9 நாள். எடை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

போட்டோகிராஃபர் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு கிளிக் கூட விழவில்லை. பால் குடித்தாயிற்று, ஏப்பம் விட்டாயிற்று, விரித்த வெள்ளைத் துணியில் ஒன் பாத்ரூமும் போயாயிற்று. மாமா வாட்ச்சைப் பார்க்கிறார். போட்டோகிராஃபர் அவசரமே படவில்லை. “பாப்பா தூங்கட்டும் சார். இன்னைக்கு அவங்கதான் டைரக்டர், நான் வெறும் கேமராமேன்” என்கிறார்.

அவருக்கு வயது 34. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர், தன் மகள் பிறந்த பிறகு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம், அவர் சொன்ன கதைகளில் ஒன்று. அது கடைசியில் வரும்.

இன்ஸ்டாகிராமில் பூக்கூடைக்குள் தூங்கும் குழந்தைகளைப் பார்த்து லைக் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான். அன்று மூன்றரை மணி நேரம் கூடவே இருந்து பார்த்த பிறகு, அந்தப் படங்களை வேறு மாதிரி பார்க்கிறேன்.

ஏன் முதல் இரண்டு வாரம்?

நியூபார்ன் ஷூட்டுக்குப் பெரும்பாலான போட்டோகிராஃபர்கள் கேட்பது பிறந்த 5-வது நாளிலிருந்து 14-வது நாள் வரையிலான இடைவெளி. அந்த நாள்களில் குழந்தை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் தூங்கும். கருப்பையில் சுருண்டிருந்த பழக்கமும் உடம்பில் மிச்சமிருக்கும். கால்களைத் தானாகவே மடக்கிக்கொள்ளும்.

இரண்டு வாரம் தாண்டினால் கதை மாறும். விழித்திருக்கும் நேரம் கூடும். வயிற்று உபாதை அழுகை ஆரம்பிக்கும். சில குழந்தைகளுக்கு முகத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வரும்.

சிக்கல் என்னவென்றால், நம் வீடுகளில் அதே நாள்கள்தான் தீட்டு நாள்கள். “புண்யாகவாசனம்கூட ஆகலை, அதுக்குள்ள போட்டோவா? கண்ணு பட்டுடும்டி” என்று பாட்டி காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இது போட்டோகிராஃபருக்குப் புதிதில்லை. “பாட்டி, நீங்களே வந்து திருஷ்டிப் பொட்டு வெச்சு விடுங்க. அதோடவே எடுக்கிறேன்” என்றார். பாட்டி மையைத் தேடி உள்ளே போனார். பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்தது.

ஃபேன் ஏன் ஓடவில்லை?

பச்சிளம் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் உடல் சூடு வேகமாக வெளியேறும். நம்மைப் போல் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. துணி குறைவாகப் படுக்க வைக்கும்போது அறை வெதுவெதுப்பாக இருந்தாக வேண்டும். பலரும் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வைத்துக்கொள்கிறார்கள்.

“ஊட்டிக்குப் போனா ஹீட்டர் தூக்கிட்டுப் போவேன். திருச்சியில சூரியன் ஃப்ரீயாவே கொடுக்கிறார்” என்று சிரித்தார். ஆனால், சூடு அதிகமானாலும் ஆபத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை அங்கே லேசாக வியர்வை தெரிந்ததும் போர்வையை எடுத்துவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் திறக்கச் சொன்னார்.

இறுக்கமாகத் துணி சுற்றுவது அழகுக்கு மட்டும் இல்லை. குழந்தைகள் தூக்கத்தில் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘மோரோ ரிஃப்ளெக்ஸ்’ என்று அதற்குப் பெயர். கைகள் அணைவாக இருந்தால் அந்தத் திடுக்கிடல் குறைந்து தூக்கம் நீளும். கூடவே மொபைலில் மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம்? ஹாலின் பெரிய ஜன்னல் மட்டும்தான். மெத்தையை இரண்டு முறை திருப்பிப் போட்டார். வெளிச்சம் தலைப் பக்கத்திலிருந்து கால் பக்கம் இறங்க வேண்டுமாம். கால் பக்கத்திலிருந்து மேலே ஏறினால் மூக்கின் நிழல் நெற்றிக்குப் போய், பேய்ப் பட லைட்டிங் ஆகிவிடும்.

அந்தத் ‘தவளை போஸ்’ நிஜமா?

அக்கா கர்ப்பமாக இருக்கும்போதே சேவ் செய்து வைத்திருந்த படம் ஒன்று உண்டு. குழந்தை முழங்கைகளை ஊன்றி, இரண்டு உள்ளங்கையிலும் கன்னத்தைத் தாங்கித் தூங்கும். ‘ஃப்ராகி போஸ்’ என்பார்கள். “இது மாதிரி ஒண்ணு வேணும்” என்று மொபைலை நீட்டினாள்.

“இது ஒரு போட்டோ இல்லம்மா, ரெண்டு போட்டோ” என்றார் அவர்.

முதல் படத்தில் ஒருவர் குழந்தையின் தலையை மேலிருந்து பிடித்திருப்பார். இரண்டாவது படத்தில் கைகளைக் கீழிருந்து தாங்குவார். பிறகு போட்டோஷாப்பில் இரண்டையும் சேர்த்து, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். எந்த நொடியிலும் குழந்தை தானாகத் தலையைத் தாங்குவதில்லை. தாங்கவும் முடியாது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு தலைதான். கழுத்துத் தசைக்கோ அவ்வளவு பலம் கிடையாது.

இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் அழுந்தினால், மெல்லிய மூச்சுப் பாதை மடங்கி அடைபடலாம். அப்போது குழந்தை அழக்கூடச் செய்யாது, அமைதியாகத்தான் இருக்கும். பார்ப்பவருக்கு நல்ல தூக்கம் போலத் தெரியும்.

அதனால் அவர் கேமராவைப் பார்க்கும் நேரத்தைவிட, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கும் நேரம் அதிகம். கை, கால் நிறம் மாறினால் உடனே போஸைக் கலைத்துவிடுவார். உதடோ நாக்கோ நீலமானால் ஷூட்டை மறந்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். கூடைக்குள் படுக்க வைக்கும் முன் அடியில் மணல் மூட்டை வைத்தார், கவிழாமல் இருக்க. குழந்தையிலிருந்து ஒரு கை தூரத்தில் எப்போதும் உதவியாளர் ஒருவர் இருந்தார்.

தவளை போஸ் எடுத்தாரா? இல்லை. இரண்டு முறை மெதுவாக முயன்றார். குழந்தை நெளிந்தது. “பாப்பாவுக்குப் பிடிக்கல, விட்ருவோம்” என்று மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். அக்காவின் முகம் வாடியது. அவர் மசியவில்லை.

இந்த வேலைக்கு நம் நாட்டில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. கேமராவும் ஒரு கூடையும் வாங்கியவர் நாளைக்கே போர்டு மாட்டலாம். போட்டோவை மட்டும் பார்த்து போஸைக் காப்பியடிப்பவருக்கு, அது இரண்டு படங்களின் ஒட்டு என்பதே தெரியாமல் இருக்கலாம். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

தொழிலாக எப்படி?

தேதி அவர் கையில் இல்லை. டாக்டர் சொன்ன தேதியை வைத்து டைரியில் பென்சிலால் எழுதிக்கொள்வார். குழந்தை முன்னே பின்னே வரும். ஒரே வாரத்தில் நான்கு பேர் பிறப்பார்கள், அடுத்த வாரம் யாரும் இல்லை. ஷூட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம். அதில் ஷட்டர் ஓடுவது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி, காத்திருப்பது. தரையில் உட்கார்ந்து குனிந்தே வேலை என்பதால் முதுகு வலி நிரந்தரம்.

வீட்டுக்குப் போனால் அத்தனை துணியையும் துவைக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு விரித்தது துவைக்காமல் அடுத்த குழந்தைக்குப் போகாது. லேசாகச் சளி பிடித்தாலும் அவரே கேன்சல் செய்துவிடுவாராம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த மாதங்களும் உண்டு.

ஒளிந்திருந்த அம்மாக்கள்

குழந்தையைப் படம் எடுக்கும் பாடு புதிதில்லை. 19-ம் நூற்றாண்டில் ஒரு படம் பதிய விநாடிக் கணக்கில் ஆகும். அதுவரை குழந்தை அசையக் கூடாது. அதற்காக அம்மாவையே நாற்காலி போல உட்கார வைத்து, மேலே துணியைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். இந்தப் படங்களை இன்று ‘ஒளிந்திருக்கும் அம்மா’ படங்கள் என்று சேகரிக்கிறார்கள். பார்த்தால் திரைச்சீலைக்குள் ஓர் ஆள் தெரியும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் குழந்தைக்கு முதல் படம் பெரும்பாலும் குப்புற விழுந்து தலை நிமிர்ந்த பிறகுதான். இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய அந்தப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இருக்கும். இப்படியான பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கிப் பாதுகாத்திருக்கிறது.

தூங்கும் குழந்தையைப் பூவாகவும் காயாகவும் பார்க்கும் இன்றைய ஸ்டைலை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ். 1996-ல் வந்த அவரது ‘டவுன் இன் த கார்டன்’ புத்தகத்தின் சாயலை இன்றைய பூக்கூடைப் படங்களிலும் பார்க்கலாம்.

படம் யாருக்குச் சொந்தம்?

இது பலருக்கும் தெரியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் போட்டோவின் முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். எனவே கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்’ என்று ஒரு வரி அதில் இருக்கலாம்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. 9 நாள் குழந்தையால் ‘போடாதே’ என்று சொல்ல முடியாது. அதற்காகச் சொல்ல வேண்டியது நாம்தான்.

அந்த ஒரு போன் கால்

இனி, பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னதற்கான காரணம்.

சில வருடங்களுக்கு முன், கர்ப்பகால ஷூட் எடுத்துக்கொண்ட ஒரு தம்பதி, குழந்தை பிறந்ததும் வருகிறோம் என்று அட்வான்ஸும் கொடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரி அப்பா போன் செய்தார். குழந்தை பிறந்துவிட்டது, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது, காலை வரை தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். “மேடம், எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்லை” என்றாராம்.

போனார். நர்ஸ் இருபது நிமிடம் கொடுத்தார். அம்மாவின் சுண்டு விரலைச் சுற்றிய கை. பாதம். காது மடல். “முகத்தை எடுக்கலாமான்னு கேட்டேன். அம்மா தலையாட்டினாங்க. எடுத்தேன்.” கறுப்பு வெள்ளையில் பன்னிரண்டு படங்கள். பணம் வாங்கவில்லை.

ஒரு வருடம் வரை அவர்களிடமிருந்து பதில் இல்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு வரி மெசேஜ்: ‘இன்னைக்குத்தான் பார்த்தேன். காது எங்க அப்பா மாதிரியே இருக்கு.’

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. பிறந்த சில நாள்களில் மகனை இழந்த ஷெரில் ஹேகார்டும், அவனைப் படமெடுத்த போட்டோகிராஃபர் சாண்டி புச்சும் 2005-ல் தொடங்கிய ‘நௌ ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்’. தன்னார்வ போட்டோகிராஃபர்கள் மருத்துவமனைக்கே போய், இழந்த குழந்தையின் படத்தைப் பெற்றோருக்கு இலவசமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். நமக்கும் இது முழுக்க அந்நியம் இல்லை. இறந்தவரை நடுவில் உட்கார வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்த படங்கள் நம் பழைய வீடுகளில் உண்டு. வேறு படம் இல்லாதவருக்கு அதுதான் ஒரே படம்.

புக் செய்யும் முன் கேட்க வேண்டியவை

• எத்தனை பச்சிளம் குழந்தைகளை எடுத்திருக்கிறார்? பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்கிறாரா?
• தவளை போஸை எப்படி எடுப்பார்? ‘ரெண்டு படம் சேர்ப்பேன்’ என்று சொல்லாவிட்டால் வேண்டாம்.
• உதவியாளர் உண்டா? இல்லையென்றால் பக்கத்தில் யார் இருப்பார்?
• துணி, கூடை எல்லாம் எப்படிச் சுத்தம் செய்யப்படுகின்றன?
• குழந்தை ஒத்துழைக்காவிட்டால் வேறு நாள் உண்டா?
• உங்கள் அனுமதி இல்லாமல் சமூக வலைதளத்தில் போட மாட்டேன் என்று எழுதித் தருவாரா?

குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை போன்றவை இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஷூட் காத்திருக்கலாம்.

கடைசிப் படம்

சாமான்களைக் கட்டும் முன் அக்காவைக் கூப்பிட்டார். “ஐயோ, நான் வேண்டாம். முகமெல்லாம் வீங்கியிருக்கு, நைட்டியில இருக்கேன்” என்று அவள் பின்வாங்கினாள்.

“நிறைய அம்மாக்கள் இதையேதான் சொல்றாங்கம்மா. பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைப் பார்த்தா அப்பா இருப்பார், தாத்தா இருப்பார், அம்மா மட்டும் இருக்க மாட்டாங்க. பாப்பா கேட்கும்.”

அக்கா துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூன்று கிளிக்.

படங்கள் இரண்டு வாரம் கழித்து வந்தன. கன்னத்தில் பாட்டி வைத்த மை கொஞ்சம் கோணலாக அப்படியே இருந்தது. அவர் அதை அழிக்கவில்லை. கூடைப் படம் அருமையாக இருந்தது, மாமா உடனே ஸ்டேட்டஸ் வைக்கப் போனார். “இருங்க, முகம் தெரியாத படமா ஒண்ணு போடுங்க” என்றாள் அக்கா. நைட்டியோடு எடுத்த அந்த ஜன்னல் படத்தை மட்டும் ப்ரிண்ட் போட்டு பீரோவுக்குள் வைத்திருக்கிறாள்.