வெர்னியரா? கேஜா?



பரீட்சை என்றாலே நமக்கு அரியர்ஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் பள்ளிப் பரீட்சைக்காகச் சட்டசபையில் சட்டம் போட்டு, அதைப் பிறகு மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் அது. அந்த நாட்டில் பள்ளிக் கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு.

1993 ஜூனில் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஏழையோ பணக்காரனோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் போதிய கல்வி தருவது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வசதியில்லாத ஊர்ப் பள்ளிகளுக்கு அரசு கூடுதல் பணம் தரும். பதிலுக்கு, அரசுப் பள்ளி மாணவர் எல்லோரும் ஒரே மாதிரித் தேர்வு எழுத வேண்டும். 'எம்காஸ்' என்ற அந்தத் தேர்வு 1998இல் ஆரம்பமானது.

2003இல் பள்ளியை முடித்தவர்கள் முதல் விதி இறுகியது. பத்தாம் வகுப்பு எம்காஸில் ஆங்கிலமும் கணக்கும் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ். பின்னர் அறிவியலும் சேர்ந்தது. தொழிற்கல்விப் பள்ளியில் வெல்டிங் படித்தவனுக்கும் இதேதான்! திரும்பத் திரும்ப எழுதலாம், மேல்முறையீடும் உண்டு. அதிலும் தேறாவிட்டால், மற்ற பாடமெல்லாம் பாஸ் என்றாலும் சான்றிதழ் கிடையாது.

நம்ம ஒர்க்ஷாப் பாஷையில் சொல்கிறேன். வெர்னியர் அளவு மட்டும் காட்டும். 'கோ - நோ கோ' கேஜ் அப்படியல்ல. ஜாப் ஆகும், ஆகாது என்று தீர்ப்பே சொல்லிவிடும். பள்ளிகளை அளக்க வந்த வெர்னியரையே அந்தச் சட்டம் மாணவனுக்கு கேஜாகவும் ஆக்கியது.

இதை எதிர்த்து ஆசிரியர் சங்கம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. ஆளுநர் மாரா ஹீலி உள்ளிட்டோர், "பொதுவான அளவு போனால் ஊருக்கு ஒரு தரம் ஆகிவிடும்" என்று வாதாடினார்கள். தேசிய மதிப்பீட்டில் அம்மாநிலம் முன்னணியில் நிற்பதையும் காட்டினார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் 2024 நவம்பரில் நூற்றுக்குச் சுமார் 59 பேர் அந்த விதி வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

தேர்வு ஒழிந்துவிடவில்லை. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவை, தேர்வு வைத்தே தீர வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். எம்காஸ் நடக்கிறது, சான்றிதழைத் தடுப்பதில்லை, அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். அளப்பது அவசியம். அளக்காவிட்டால் எந்தப் பள்ளி பின்தங்கியது என்றே தெரியாது. ஆனால் ஒரே லேத்தில் வரிசையாக ஜாப் ரிஜெக்ட் ஆனால் நாம் என்ன செய்வோம்? ஜாபைத் திட்டிக்கொண்டா இருப்போம்? முதலில் மெஷினைத்தானே பார்ப்போம்! பள்ளிக்கூடத்துக்கும் அதே நியாயம் வேண்டாமா? சிந்தியுங்கள் நண்பர்களே!