குப்பை எங்கம்மா போகுது?

பாலர் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு வீட்டில் மிகவும் பிடித்த இடம், சமையலறையில் உள்ள குப்பைக் குழாய். மூடியை இழுத்து, பையைத் தள்ளிவிட்டு, அது தடதடவென விழும் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்காமல் கேட்டாள்: “குப்பை எங்கம்மா போகுது?”

“கீழே.”

“அப்புறம்?”

வானொலியில் மணிக்கணக்கில் பேசும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீவக வீட்டில் வளரும் பிள்ளைக்கு, மூடியைச் சாத்தியதும் குப்பை மறைந்துவிடுகிறது. உண்மையில் அது மறைவதில்லை. சுற்றுப்புறப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம் என நினைத்தேன்.

அன்றிரவு படுக்கையில் குப்பையின் பயணத்தையே கதையாகச் சொன்னேன். லாரி வந்து அள்ளிச் செல்லும். எரியாலையில் எரிப்பார்கள், அந்தச் சூட்டில் மின்சாரம் தயாராகும். பத்து மூட்டைக் குப்பை, ஏறக்குறைய ஒரு மூட்டைச் சாம்பலாகச் சுருங்கும். அந்தச் சாம்பல் துவாசிலிருந்து கடல்வழியாகச் செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999ல் செயல்படத் தொடங்கிய அதுதான் இப்போது நம் நாட்டில் குப்பை கொட்ட இருக்கும் ஒரே இடம். இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும்.

“அப்ப நான் பெரிய பிள்ளையா?” என்றாள். விரல்விட்டு எண்ணினோம். உயர்நிலைப் பள்ளியில் இருப்பாள்.

அடுத்த வாரமே எனக்குச் சோதனை. கறிக்குழம்பு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே புளோக்கின் கீழுள்ள நீலத் தொட்டியில் போட்டேன்.

“கழுவலையேம்மா?”

“அவசரம், வா.”

அவள் முகம் வாடிவிட்டது. நீலத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு, உணவு ஒட்டியிருப்பதாலும் தவறான பொருள்கள் கலப்பதாலும் மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது. என் குழம்பு, அடுத்த வீட்டார் போட்ட நல்ல காகிதத்தையும் கெடுத்திருக்கும். நான் சொன்ன கதையை மகள் நம்பினாள்; நான்தான் நம்பாதவள்போல் நடந்துகொண்டேன்.

அதன்பின் வீட்டில் மூன்று வழக்கங்கள். டப்பாவை நான் கழுவுவேன், அவள் துடைப்பாள். தட்டில் முதலில் கொஞ்சமாகச் சோறு. பசித்தால் மறுபடி கேட்கலாம். கடைக்குப் போகும்போது துணிப்பையை எடுப்பது அவள் பொறுப்பு. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு என்பதால், மறந்தால் அவள் உண்டியலிலிருந்து 5 காசு. நான் மறந்தாலும் அபராதம் உண்டு. என் பங்குதான் அதிகம்!

பெரிய பாடம் எதுவும் நடத்தத் தேவையில்லை. உங்கள் பிள்ளையையும் ஒருநாள் குப்பையின் வழியைக் கேட்கவிடுங்கள். பிறகு அவர்கள் கண்முன் அதன்படி நடந்துகாட்டுங்கள். அதுதான் கொஞ்சம் கடினம்.

இப்போதும் என் மகள் குப்பைக் குழாயில் காதை வைக்கிறாள். சென்ற வாரம் சொன்னாள்: “இன்னைக்குச் சத்தம் கம்மிம்மா!”