முற்றத்து அண்டாவும் மேடைமேல் பானையும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1930 வாக்கில் அந்த ஊர்த் தெருவில் ஒரு பொடியன் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தான். முதல் நாளே அப்பாவின் நிலத்தில் செடியைப் பிடுங்கி, காய் ஆய்ந்து, கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவான். விடியுமுன் எழுந்து அவித்து, காகிதப் பைகளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பான். பை ஐந்து சென்ட். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர்தான் அந்தப் பொடியன்.

அதே ஜார்ஜியாவில், போன செப்டம்பரில் ஒரு ராத்திரி, கடலையையும் உப்பையும் தண்ணீரையும் மெல்ல வேகவைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரில் போட்டு, திருகைத் திருப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்தபோது வீடு முழுக்க எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கொல்லை வாசம். விறகு, புகை எதுவும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருக்கவில்லை.

கடலைக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களோடு அது வட அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வந்தது. அங்கே கடலைக்கு வழங்கும் ‘கூபர்’ என்ற பெயர், காங்கோ மொழியின் ‘ங்குபா’விலிருந்து பிறந்தது. எங்கள் ஊரில் மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆன கதைதான். வந்த வழியைப் பெயரிலேயே சுமந்து திரிகிற காய் இது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அன்று பருத்திதான் ராஜா. கூன்வண்டு வந்து பருத்திக் காய்களைத் துளைத்து நாசமாக்கிய பிறகு, அலபாமாவின் என்டர்பிரைஸ் ஊர்க்காரர்கள் கடலைக்கு மாறினார்கள். கையில் காசும் பார்த்தார்கள். தங்களை மாற வைத்த வண்டுக்கு நன்றி சொல்லி 1919-இல் ஊர் நடுவே நினைவுச்சின்னமே வைத்தார்கள்.

அன்றைய அறுவடையில், பிடுங்கிய செடிகளைக் கம்பு நட்டுச் சுற்றிலும் போராக அடுக்கி வாரக்கணக்கில் காயவிடுவார்கள். அவிப்பதற்கு வேண்டிய காயை மட்டும் ஈரம் உலருமுன் தனியே எடுத்துக்கொள்வார்கள். ஈரக் கடலை சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பறித்த கையோடு அவிக்க வேண்டும். அவித்ததை அன்றே தின்று தீர்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில், துணி வெளுக்கிற கறுத்த இரும்பு அண்டா அன்றைக்குக் கடலை அண்டா ஆகிவிடும். அடியில் விறகு, சுற்றிலும் அக்கம்பக்கத்து ஜனம். ‘கடலை அவிப்பு’ என்பது சமையல் வேலையாக இல்லாமல் ஊர் கூடும் சாயங்காலமாக இருந்தது.

இன்று செடியைப் பிடுங்கிக் குப்புறப் புரட்டிப்போடவும் இயந்திரம், காயைப் பிரிக்கவும் இயந்திரம். அவித்த கடலை தகர டப்பாவில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. பச்சைக் காயை உறையவைத்தும் வைத்துக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் விறகின் இடத்தை கேஸ் அடுப்பு பிடித்துக்கொண்டது; உப்புக் கடலைக்குப் பக்கத்தில் காரசாரமான ‘கேஜன்’ கடலையும் கொதிக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வளர்ந்து நியூயார்க்குக்குக் குடிபோன லீ சகோதரர்கள், ஊர்க் கடலை கிடைக்காத ஏக்கத்தில் 1994-இல் அதைத் தபாலில் அனுப்பும் வியாபாரமே தொடங்கினார்கள். தென் கரோலினா மாநிலம் 2006-இல் அவித்த கடலையைத் தன் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியாக அறிவித்தது.

வீட்டுக்குள் வந்த மாற்றம்தான் ஸ்லோ குக்கர். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. லித்துவேனியாவில், ஓய்வு நாளுக்கு முன் ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வேகவிட்ட யூதர் வீட்டுக் குழம்பைப் பற்றி அவர் அம்மா சொன்ன கதையே அதற்கு வித்து. அவர் நிறுவனத்தை வாங்கிய ரைவல் கம்பெனி 1971-இல் ‘கிராக்-பாட்’ என்று பெயரிட்டுச் சந்தைக்கு விட்டது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம். பானை பிய்த்துக்கொண்டு போனது.

அதில் முதல் தடவை கடலை அவித்தபோது மண்ணைத்தான் கவ்வினேன். கடையில் வாங்கியது காய்ந்த கடலை என்பதைக் கவனிக்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்து ஒன்றை உரித்துக் கடித்தேன். உள்ளே நறுக்கென்றது. தோடு மட்டும் கரித்தது, பருப்பில் உப்பே இல்லை. பச்சைக் காய் என்றால் ‘ஹை’யில் ஏழெட்டு மணி நேரம் போதும். காய்ந்ததை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும், அப்புறமும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேகும். ஒரு கிலோ பச்சைக் கடலைக்கு அரை கப் கல்லுப்பு, காய் முங்கத் தண்ணீர். முதலில் காய் மிதக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கலாம். தண்ணீர் சுண்டினால் வெந்நீர் ஊற்ற வேண்டும். வெந்ததும் உடனே வடித்துவிடக் கூடாது. அணைத்த பிறகு அதே தண்ணீரில் கிடந்து ஆறும்போதுதான் உப்பு தோட்டைத் தாண்டிப் பருப்புக்குள் இறங்கும். பதம் வந்த காயை முனையில் அழுத்தினால் உப்புத் தண்ணீர் பீச்சும். பருப்பு வெந்த மொச்சை மாதிரி மசியும். பிஞ்சைத் தோட்டோடு மெல்லலாம்.

அண்டா காலத்திலும் இதே கணக்குதான். எந்த அடுப்பானாலும் உப்பு தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் யார் கூட இருக்கிறார்கள் என்பதுதான் மாறிவிட்டது. அன்று கடலை கெட்டுவிடுமே என்ற அவசரம் ஜனத்தைக் கூட்டியது. இன்று உறைபெட்டி அவசரத்தைப் போக்கியது, குக்கர் காவலைப் போக்கியது. இரண்டும் போனதும் கூட்டமும் போயிற்று. காலையில் என் பானையைத் திறந்தபோது, நன்றாக இருக்கிறதா என்று கேட்க எதிரில் ஆள் இல்லை.

குக்கரைக் குறை சொல்லவில்லை. நாளைக்கும் அதில்தான் அவிப்பேன். ஆனால் அவித்த கடலை குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாளில் வழவழத்து ஊசிப்போகும். பானையை ஏற்றும்போதே பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.