காது இரைச்சலுக்கு மெல்லிய ஓசையே துணை



மாவு மில், ஜெனரேட்டர், லாரி ஹாரன் என்று மில்லர்புரத்தில் பகலெல்லாம் சத்தம். இரவு கடையடைத்துப் படுத்த பிறகுதான் சிலருக்குக் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் வியாபாரமும் கெடும்.

பேரொலியாலோ வயதாலோ உள்காதின் நுண்ணிய முடிச்செல்கள் பழுதானால் மீண்டும் வளர்வதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மூளை தன் கூர்மையைக் கூட்டுகிறது. அதுவே இரைச்சலாகிறது என்பது மருத்துவ விளக்கம்.

1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், இவ்வுபாதை கொண்ட மருத்துவர் ஒருவர் நீரூற்றின் அருகே நின்றபோது இரைச்சல் மறைந்தது. உடனிருந்த ஆய்வாளர் ஜாக் வெர்னன் அதிலிருந்தே ஒலிச் சிகிச்சையை வளர்த்தார்.

இரவில் மின்விசிறியோ, மழை ஓசைப் பதிவோ மெதுவாக ஒலிக்கட்டும். இரைச்சலை முழுதும் அமுக்க வேண்டாம். அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். இருட்டில் உறுத்தும் அகல்விளக்கு பகலில் உறுத்துவதில்லை அல்லவா? இது நோயைத் தீர்க்காது, தொல்லையைக் குறைக்கும். பழகச் சில மாதங்கள் ஆகலாம். செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியே பலருக்கு நிம்மதி தரும்.

முதலில் காது மருத்துவரைப் பாருங்கள். காதழுக்கும் காரணமாக இருக்கலாம். ஒரே காதில் இரைச்சல், நாடித் துடிப்போடு ஒலிப்பது, திடீரெனக் காது கேளாமை ஆகியவற்றில் தாமதம் கூடாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள்.

மில்லில் நிற்கும் நம் பணியாளருக்கு இன்றே காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். போன செவி எந்த விலைக்கும் திரும்பாது.